மைமூன் கேட்காமல் தின்ற கல்கண்டு

போன வாரம் இந்தச் சிறுவர் பக்கத்தில் உங்கள் திண்டுக்கல் மாமா இல்லை. வடமதுரையிலிருந்து ஒரு பையன் கார்டு போட்டிருக்கிறான் — "மாமா, உங்களுக்குக் காய்ச்சலா, இல்லை எழுத ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று.

காய்ச்சல் இல்லை தம்பி. எழுதவும் கிடைத்தது. வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கிடைத்தது.

என் மகள் மைமூனோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

மைமூனை உங்களுக்குத் தெரியாது. பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. இத்தனை வாரமாக ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேன், சந்தையைப் பற்றி எழுதியிருக்கிறேன், பழனி பஸ்ஸில் பஞ்சாமிர்தத்தின் மேல் உட்கார்ந்துவிட்ட மனிதரைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறேன். வீட்டில் இருக்கிறவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அவளுக்குப் பிடிக்காது. இந்த வாரம் அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுதுங்க அத்தா. ஆனா நான் அழுததை மட்டும் எழுதாதீங்க" என்றாள்.

சரி, எழுதவில்லை.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. அது தொந்தி விழுந்த முதலாளிகளுக்கு வருகிற வியாதி ஆயிற்றே, பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி? எங்கள் தெருவே இதைத்தான் கேட்டது. "பாய் செல்லம் குடுத்து மிட்டாயா வாங்கிப் போட்டிருப்பாரு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் கூலிக்கு நிற்கிற நான் மிட்டாயாக வாங்கிப் போட முடியுமா? மதுரை டாக்டர் பொறுமையாகச் சொன்னார் — பிள்ளைகளுக்கு வருவது வேறு மாதிரி, இதில் யார் குற்றமும் இல்லை, தினமும் ஊசி போட்டால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடலாம், ஆடலாம், படிக்கலாம் என்று.

தினமும் காலையில் நான்தான் ஊசி போடுகிறேன். கண்ணாடிக் குழாயையும் ஊசியையும் வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டும். மருந்துப் புட்டியை ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்திருக்கிறோம், வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்க.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டு அரிக்கேன் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கிற சர்க்கரைதான் எண்ணெய். மைமூன் உடம்பில் அது எரியாமல் தேங்கிவிடுகிறது. ஊசி போட்டால் எரிகிறது. நல்லதுதான். ஆனால் ஊசியைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பாடு போடாமல் விட்டால்? எண்ணெய் இல்லாமல் திரி எவ்வளவு நேரம் எரியும்? முதலில் வேர்க்கும். அப்புறம் கை நடுங்கும். கண் இருட்டும், நாக்குக் குழறும். அந்த நேரத்தில் உடனே சீனியோ கல்கண்டோ வாயில் போட வேண்டும். யோசிக்கக் கூடாது. போடாவிட்டால்... விளக்கு அணைந்துவிடும்.

சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையே மருந்தா என்று கேட்பீர்கள். ஆமாம், சில நேரத்தில் அதுதான் மருந்து. பெரியவர்களுக்குத்தான் இது புரிய மாட்டேன் என்கிறது. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அதற்காக அவள் அம்மா பாவாடையில் ஒரு பை தைத்தாள். அதில் எப்போதும் நாலு கட்டி கல்கண்டு இருக்கும்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போடத் தொடங்கினார்கள். நல்ல காரியம். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதைவிட நல்ல காரியம் உண்டா? ஆனால் நம் ஊரில் சோற்றுக்கும் திறப்பு விழா உண்டு. பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்து இறங்கி, கரண்டியைப் பிடித்து, முதல் பிள்ளை தட்டில் சோறு போட வேண்டும். அதற்கு முன்னால் அண்டா மூடியைத் தொடக் கூடாது.

வருகிறவரை வரவேற்கச் சந்தனம், பன்னீர், கல்கண்டு. சந்தனத்துக்கும் பன்னீருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. கல்கண்டுத் தட்டை யார் கையில் கொடுப்பது? ஆசிரியர்கள் அறையில் இதுதான் பெரிய பிரச்சினை. மற்றப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் கார் வருவதற்குள் தட்டுத்தான் மிஞ்சும்!

அவள் வகுப்பு டீச்சருக்கு யோசனை வந்தது. "நம்ம மைமூன்கிட்டக் குடுங்க சார். அவளுக்குத்தான் சீனியே ஆகாதே!"

எல்லோரும் சிரித்தார்களாம். மைமூனும் சிரித்தாளாம். ஏன் சிரிக்க மாட்டாள்? டிரில் பீரியடில் அவளை நிழலில் உட்காரவைத்துவிடுவார்கள். கும்மிக்கும் சேர்க்க மாட்டார்கள், மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று. முதல் தடவையாக அவளை ஒரு காரியத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஓடி வந்து சொன்னாள். பெருநாளுக்கு எடுத்த பச்சைப் பட்டுப் பாவாடையில் அன்று ராத்திரியே இன்னொரு பை தைத்தாயிற்று.

பெரிய மனிதர் காலையிலேயே வருவதாக ஏற்பாடு. உச்சி வெயில் ஏறியும் கார் வரவில்லை. வழக்கமாக அடிக்கிற சாப்பாட்டு மணியை அன்று அடிக்கவில்லை. வகுப்பறைகளைப் பூட்டி வைத்திருந்தார்கள், விழா நாளில் பிள்ளைகள் உள்ளே ஓடக் கூடாதென்று. மைமூனின் டிபன் உள்ளே. சோறும் சாம்பாரும் வேப்பமரத்தடியில் மூடி போட்டு ஆறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் இரண்டு வரிசையாக வெயிலில்.

மைமூனுக்கு வேர்த்தது. பையிலிருந்த கல்கண்டு ஒவ்வொன்றாக வாய்க்குள் போனது. நாலும் தீர்ந்தது. கார் வரவில்லை.

"டீச்சர், நான் சாப்பிடணும் டீச்சர்."

"எல்லாருக்குந்தான் பசிக்குது. உனக்கு மட்டும் தனி வயிறா? செத்த நேரம் பொறு புள்ள, இந்தா வந்துட்டாக."

வந்துவிட்டார்கள். ஹார்ன் சத்தம், பாண்டு, மாலை. பன்னீர் தெளித்தாயிற்று, சந்தனம் பூசியாயிற்று. பெரிய மனிதர் கல்கண்டுக்குக் கை நீட்டினார். அதற்குள் என் மகள் கை தட்டுக்குள் போய்விட்டது. ஒரு கை நிறைய அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள். தட்டுச் சாய்ந்து, கல்கண்டு அவர் செருப்பின் மேலெல்லாம் உருண்டது.

பெரிய மனிதர் சிரித்தார். "பாப்பாவுக்கு நம்மளைவிட அவசரம் போல!"

அவர் சிரித்ததால் ஹெட்மாஸ்டர் சிரித்தார். ஹெட்மாஸ்டர் சிரித்ததால் பள்ளிக்கூடமே சிரித்தது.

அன்று அவள் உயிரை அவளேதான் காப்பாற்றிக்கொண்டாள். டாக்டர் சொன்னதை அப்படியே செய்தாள். வேறு எந்தப் பாடத்தையாவது இப்படி ஒப்பித்திருந்தால் பரிசு கொடுத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் நாக்கை அடக்குவது பற்றிப் பேசினார். அவள் பெயரைச் சொல்லவில்லை. மேடையில் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லவில்லை! அன்று சாயங்காலமே பிள்ளைகள் ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள்: கல்கண்டுக் களவாணி.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போனேன்.

"வாங்க பாய், உட்காருங்க. நானே ஆளனுப்பணும்னு இருந்தேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"சார், பிள்ளை மேல தப்பில்ல. டாக்டர் சொன்னதைத்தான் செஞ்சிருக்கா."

"சீனி வியாதிக்குச் சீனி திங்கச் சொன்னாரா டாக்டரு? என்ன பாய் இது? எங்க மாமனாருக்கும் இதே வியாதிதான். காப்பிக்குக்கூடச் சீனி கிடையாது அவருக்கு."

உங்களுக்குச் சொன்ன அதே விளக்குக் கதையை அவருக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரி, தின்னட்டும். நான் வேணாங்கல. ஆனா டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தின்னட்டும். கேக்காம எடுக்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது பாய். நாளைக்கு எங்க போய் நிக்குமோ?"

"அந்த நேரத்துல கேக்க வாய் வராது சார். நாக்குக் குழறிரும்."

"அதெல்லாம் வரும். பழக்கணும்."

பழக்கினார்கள்.

அடுத்த வாரம் கணக்கு பீரியட். டீச்சர் கரும்பலகையைப் பார்த்து நின்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மைமூனுக்கு வேர்த்தது. அன்று காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. முந்தின நாள் பிள்ளைகள் சொன்னதை நினைத்துச் சோறு இறங்கவில்லை. பையில் கல்கண்டு இருந்தது. கையைத் தூக்கினாள்.

டீச்சர் திரும்பவில்லை.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஏய், களவாணிக்குப் பசி வந்துருச்சுடோய்!"

கையை இறக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சிலிருந்து சரிந்தாள். "நடிக்கிறா டீச்சர்" என்றானாம் ஒருவன். கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் பயம் வந்தது. வலிப்பு என்று நினைத்து டீச்சர் ஆபீஸுக்கு ஓடிக் கொத்துச்சாவியைக் கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார். இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்குமாம். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். விசிறினார்கள்.

நான்கு கட்டி கல்கண்டும் பாவாடைப் பையில் அப்படியே இருந்தன.

பியூன் சைக்கிளில் தோல் ஷாப்புக்கு வந்து சொன்னதும் ஓடினேன். பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கை அந்தச் சாவிக்கொத்தை விடவில்லை. சீனியைப் பொடித்து ஈறில் தேய்த்துக்கொண்டே குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையில் நரம்பைத் தேடிப் பிடித்து குளுக்கோஸ் ஏற்றினார். "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கண் திறந்தாள். அவள் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

"நான் கேக்காம எடுக்கல அத்தா. கையைத் தூக்கினேன். டீச்சர் பாக்கல. நான் எடுக்கவே இல்ல."

பெருமையாகச் சொன்னாள்! நூற்றுக்கு நூறு வாங்கி வந்த பிள்ளை சொல்வதுபோலச் சொன்னாள்.

டீச்சர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று, அவள் காலைத் தடவிவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். உண்மையிலேயே கலங்கித்தான் போயிருந்தார். போகும்போது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க பாய். இம்புட்டுப் பெரிய பொறுப்பைப் பள்ளிக்கூடம் ஏத்துக்கிற முடியாது. பிள்ளை நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன். வீட்டுல வச்சே படிக்க வைங்களேன்."

கோணி ஊசியை யாரும் இவ்வளவு மென்மையாகக் குத்தி நான் பார்த்ததில்லை. பொறுப்பு! பையிலிருக்கிற கல்கண்டை வாயில் போட விடுவது அவ்வளவு பெரிய பொறுப்பா?

"அனுப்பத்தான் செய்வேன் சார்" என்றேன்.

பிள்ளைகளே, பெரியவர்களைத் திருத்த என்னால் முடியவில்லை. அதனால் உங்களிடம் வருகிறேன். பெரியவர்கள் சொல்படி நடங்கள் என்று இந்தப் பக்கத்தில் நானே பல தடவை எழுதியிருக்கிறேன். இன்று வேறு ஒன்று சொல்கிறேன். உங்கள் வகுப்பிலும் ஒரு மைமூன் இருக்கலாம். சட்டென்று வேர்த்தால், கை நடுங்கினால், பேச்சுக் குழறினால், கரும்பலகையைப் பார்க்காதீர்கள். வரிசையைப் பார்க்காதீர்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். அவள் பையில் இருப்பதை எடுத்து அவள் வாயில் போடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், பெரியவர்களைக் கூட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கேட்காமல் செய்யுங்கள். அடி விழுந்தால், திண்டுக்கல் மாமாதான் சொன்னார் என்று சொல்லுங்கள். அடியை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மைமூன் வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் அனுப்புகிறேன். அவளுக்கும் போக ஆசைதான். நேற்று மத்தியானம் அடுப்படியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் நிற்கிறாள். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. கை நடுங்குகிறது. அந்தக் கைக்குள்ளேயே கல்கண்டு.

"அத்தா... ஒண்ணே ஒண்ணு... தின்னுக்கிறட்டுமா?"

பதிமூன்றாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறவள். இந்தப் பாடம் மட்டும் ஒரே தடவையில் ஏறிவிட்டது.