பைப்பு லட்சுமணசாமி முறுக்கிய பிளக்

லட்சுமணசாமி முறுக்கிய போல்ட்டை லட்சுமணசாமியைத் தவிர வேறு யாராலும் கழற்ற முடியாது என்பது பெரியநாயக்கன்பாளையம் முழுக்க ஒப்புக்கொண்ட உண்மை. இருபத்தாறு வருஷமாக டீசல் லாரி மெக்கானிக். ஸ்பேனரின் பிடியில் மூன்றடி இரும்புப் பைப்பைச் செருகி, அதன்மேல் தன் எண்பத்தெட்டுக் கிலோவையும் சாய்ப்பார். 'பைப்பு' என்ற பட்டம் அப்படி வந்தது. கோயில் நோட்டீஸில்கூட அதோடுதான் பெயர் அச்சாகும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆகவே பிளக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சிறு குறையை ஊருக்கு அறிவிக்க வேண்டிய அவசியம், அன்புச்செல்வி கேஸில் ஓடும் தன் வண்டியோடு வரும்வரை நேரவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி ஏற்றும் 'குட்டியானை' மினி லாரி அது. ஓனரும் டிரைவரும் அவளே.

"பிளக் மாத்தோணுங்ணா. உங்களுக்குப் பழக்கந்தானுங்களே?"

"என்ன அம்மணி, இப்படிக் கேட்டுப்போட்டே?" என்றார். இந்தப் பதிலில் 'ஆமாம்' எங்குமே இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ஷேக் பரீத்திடம் பிளக் வாங்கினார். அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்தது: எஞ்சின் ஆறட்டும், விரலால் கடைசிவரை திருகு, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, அவ்வளவுதான். அந்தப் பெட்டியின் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு, கொதிக்கிற எஞ்சினில் பிளக்கை நேரே ஸ்பேனரால் ஏற்றினார். திருகு மரை கோணலாகப் பிடித்து முரண்டு செய்தது. முரண்டு செய்கிறவர்களுக்காகத்தானே பைப்பு இருக்கிறது?

மூன்றாம் நாள் காரமடை தாண்டும்போது வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். பிளக், எஞ்சின் ஹெட்டின் மரையையும் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து வருவதற்குள் ஒரு லோடு கொத்தமல்லி வாடிப்போனது.

"ஏனுங்ணா, டைட்டு பத்தலைங்களா?" என்று பணிவாகக் கேட்டாள் அன்புச்செல்வி.

வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

"என் கையிலயா டைட்டு பத்தாது? பிளக்கு டூப்ளிகேட்டு அம்மணி!"

தெருவுக்கே கேட்டது. மறுநாள் பரீத் ரோட்டைத் தாண்டி வந்தார். சண்டைக்கு வரவில்லை, அதுதான் சங்கடம்.

"காலையில இருந்து மூணு பேரு சாமானத் திருப்பிக் குடுத்துட்டாங்கண்ணா. பத்தொம்பது வருசத்துல இப்படி ஆனதில்லைங்க. அந்தப் பெட்டி இருக்குதுங்களா? நம்பரைப் பார்த்துக் கம்பெனிக்கு எழுதிப்போடறேன்."

பெட்டி இருந்தது, டீக்கறையோடு. நம்பரைத் தேடிய லட்சுமணசாமியின் கண்ணில் படம் பட்டது. கறை வட்டத்துக்குள் இரண்டு விரல்கள் ஒரு பிளக்கைப் பூப்போலத் திருகிக்கொண்டிருந்தன. வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"பிளக்கு நல்ல பிளக்குதான் பரீத்து. நான்தான்... பைப்பு போட்டேன்."

"பிளக்குக்குங்களா?" என்றாள், பக்கத்தில் நின்ற அன்புச்செல்வி.

"ம்."

அவள் சிரித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "பரவாயில்லைங்ணா, உடுங்க" என்று சொல்லிவிட்டாள். பரீத்தும் அதையே சொன்னார். மேற்கொண்டு ஒரு மனிதனை என்னதான் செய்ய முடியும்?

ஹெட் சிங்காநல்லூர் லேத்துக்குப் போய்ப் புது மரையோடு வந்தது. லட்சுமணசாமி எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்த பிறகே, விரலால் திருகி, அரைச் சுற்றோடு கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு சாமானைத் திருப்பிக் கொடுத்த மூன்று பேரையும் தானே தேடிப் போனார். பரீத் மேல் தப்பில்லை, தப்பு தன்னுடையது என்று வாசலில் நின்றபடியே சொன்னார். முதல் இரண்டு பேரும் உடனே பரீத் கடைக்குக் கிளம்பினார்கள். மூன்றாமவர் லாரிக்காரர் காளிச்சாமி; லட்சுமணசாமிக்குப் பதினாலு வருஷ வாடிக்கை. முழுதும் கேட்டுக்கொண்டார். தன் லாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, அப்ப நம்ம லாரியில இத்தனை நாளா முறுக்குனதெல்லாம்?"

லட்சுமணசாமி கீழே பார்த்தார்.

"சரி உடுங்க," என்றார் காளிச்சாமி அவசரமாக, "உள்ள வாங்க, டீ குடிக்கலாம்."