நாக்கை நனைத்தல்

எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த அடுக்குமாடி வாசலில் நீரூற்று உண்டு. குடியிருப்பவர்களின் நாய்களைக் குளிப்பாட்டத் தனிக் குழாய் உண்டு. வாசலைக் காக்கும் பெண்களுக்குக் கழிப்பறை மட்டும் கிடையாது. அந்தக் கேட்டில் நின்றே அலர்மேல்மங்கை தன் நல்ல வயதைக் கழித்தாள்.

அவசரமென்றால் சாலையைத் தாண்டி பெட்ரோல் பங்குக்கு ஓட வேண்டும். அதற்குள் ஒரு கார் வந்து ஹாரன் அடித்துவிட்டால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். அதனால் கேட்டுப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தாகமெடுத்தால் ஒரு வாய் தண்ணீர் எடுத்து, கொப்பளித்து, துப்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் நாக்கை நனைப்பது. புதிதாக வந்த ரூபினிக்கும் மங்கைதான் அதைச் சொல்லிக் கொடுத்தாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

"காலைல நின்னா, சாயங்காலம் ஈஜிபுரா வீட்டுக்குப் போய்தான் பாத்ரூம். எனக்கு பழகிப்போச்சும்மா."

உடம்புக்குப் பழகவில்லை, சமாளித்தது, அவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் மூளை சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்பும், இருப்பதை விட்டுவிடாதே என்று. அதுவும் இழுத்துப் பிடித்து, மஞ்சளாகக் கொஞ்சம்தான் வெளியே விடும். வருடக்கணக்கில் அப்படியே ஓடியது. சிறுநீர் எரிந்தபோது சூடு என்று வெந்தயம் விழுங்கினாள். இடுப்பு வலித்தபோது நின்ற வலி என்று தைலம் தேய்த்தாள். கால் வீங்கி மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கல்லும் கிருமியுமாக இரண்டு கிட்னியும் போயிருந்தன.

இப்போது டயாலிசிஸ். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. குடிப்பதெல்லாம் காலிலும் நெஞ்சிலும் போய்த் தேங்குகிறது. போன வாரம், மோரும் ரசமும் தண்ணீரா என்ன என்று நினைத்துக் குடித்துவிட்டு, மூச்சு முட்டிச் செத்துப் பிழைத்தாள். நர்ஸ் பெர்னதெத் கடிந்துகொண்டாள்.

"மறுபடி இப்படி வந்தீங்கன்னா எங்க கையில இல்ல மங்கைம்மா. தாகம் எடுத்தா குடிக்காதீங்க. நாக்க மட்டும் நனைச்சுக்கோங்க."

தாகத்தை அடக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள் மங்கை. இன்றைக்குப் பக்கத்து வீட்டில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டாலே தொண்டை தவிக்கிறது. இது என்ன நியாயமோ தெரியவில்லை.

நேற்று யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ரூபினி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு இப்படி ஆனதும் பயந்துக்கினு நமக்கு பாத்ரூம் கட்டிட்டாங்கக்கா. வாங்க, காட்றேன்."

கேட்டுக்குப் பின்னால் நீலக் கதவு, புது டைல்ஸ், உள்ளே நல்ல தாழ்ப்பாள். மங்கை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வராது என்று தெரிந்தும் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெளியே வந்தபோது ரூபினி வெயிலில் நின்று பாட்டிலிலிருந்து ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், துப்புவதற்கு ஓரமாகக் குனிந்தாள்.

"முழுங்குடி," என்றாள் மங்கை.