அர்ச்சனாவுக்கு எல்லாரையும் தெரியும்

நடனப் பள்ளி நடத்தக் கால் வலுவாக இருந்தால் போதும் என்று நம்பித் தொடங்கியவள் நான்; வாயும் ஓடவேண்டும் என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. வாசலில் பலகையை மாட்டிவிட்டு, படியில் கேட்கும் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என் இனம்தான்.

பாயின் கெடு

தி. நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே மாடி ஹாலில் என் பரதநாட்டிய வகுப்பு. கீழே ஹால் சொந்தக்காரர் பாயின் எம்பிராய்டரி கடை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். "டான்ஸுக்கெல்லாமா டிகிரி?" என்று சிரித்த உறவுக்காரர்களுக்கு அந்த ஹால்தான் என் பதில்.

ஆனால் இருந்தது ஒரே ஒரு பேட்ச். ஹாலை அபாகஸ் வகுப்புக்கு ஒருவர் கேட்கிறார் என்று பாய் ஒருநாள் மேலே வந்து சொன்னார். விஜயதசமி அன்றுதான் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார்: "சரிம்மா, அதுக்குள்ள இன்னொரு பேட்ச் சேத்துடுங்க. ஆனா ஒண்ணு, ஷட்டரை இறக்கிட்டு உள்ள எவ்ளோ அழகா தைச்சாலும் கஸ்டமர் வரமாட்டான்."

பக்கத்து நாற்காலி

நாலு பேரைப் பார்த்துப் பழகலாம் என்று மயிலாப்பூரில் ஒரு அரங்கேற்றத்துக்குப் போனேன். வாசலிலேயே அர்ச்சனா. என்னோடு படித்தவள், இப்போது அடையாறில் பெரிய ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். மிருதங்கக்காரரிடம் அவர் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். மேக்கப் போடும் அக்கா அவள் தோளில் கை போட்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு மாமி. நானும் டீச்சர் என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். தன் பெண்ணுக்கு வகுப்பு தேடுகிறாராம், வீடு பாண்டி பஜார் பக்கம். இதைவிட நல்ல நேரம் வருமா? "இந்தப் பொண்ணு எப்படி ஆடறா?" என்று மேடையைக் காட்டிக் கேட்டார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு: மேடையில் முகத்தைப் பார்க்க மாட்டோம், முழங்காலைத்தான் பார்ப்போம், மடங்கிப் பக்கவாட்டில் விரிகிறதா என்று. "அரைமண்டியே உட்காரல மாமி, முட்டி ரெண்டும் முன்னாடி வருது" என்று உள்ளதைச் சொன்னேன். மாமி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "அவ என் அண்ணா பொண்ணும்மா. நான் அர்ச்சனாகிட்டயே கேட்டுக்கறேன்."

ஊக்கு

அடுத்து, பாய் சொன்ன ஷட்டரைத் திறக்கலாம் என்று விசிட்டிங் கார்டு அடித்தேன். நடன உடை தைக்கும் கடையில் கொஞ்சம் வைத்துவிட்டு வரலாம் என்று, பேச வேண்டியதை பஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கல்லாவுக்கு மேலே ஒரு கல்யாணப் போட்டோ. டெய்லரின் மகள், மாப்பிள்ளை, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் அர்ச்சனா! மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. "இன்னாம்மா வேணும்?" என்று டெய்லர் கேட்டதும் ஒரு அட்டை ஊக்கு வாங்கிக்கொண்டு இறங்கினேன். கார்டுகள் பையிலேயே இருந்தன.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அவளுக்கு எல்லாரையும் தெரிகிறது, கல்யாணத்துக்கெல்லாம் போகிறாள், இதுவா கலை என்று பொரிந்து தள்ளினேன். அம்மா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "அவ கண்ணாலத்துக்குப் போய் நாலு பேராண்ட பேசிக்கினு கீறா. நீ ஊக்கு வாங்கினு வந்து எங்கிட்ட கத்திக்கினு கீற."

விஜயதசமி

விஜயதசமி அன்று பூஜை முடித்து, தேங்காய் பழத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் யாரும் வரவில்லை. அபாகஸ்காரர் இந்தச் சுவரில் எதை மாட்டுவார் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்போது படியில் செருப்புச் சத்தம். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு அம்மா, இரட்டைப் பெண்களோடு. பின்னாலேயே இன்னொரு குடும்பம். அப்புறம் இன்னும் இரண்டு. வெற்றிலை போதாமல் கீழே ஓடினேன். பாய் கடை வாசலுக்கே வந்து, படியில் குவிந்த செருப்புகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

பெண்கள் முதல் தட்டடவை ஆடி முடித்ததும், மாம்பலத்து அம்மாவிடம் பெருமையாகக் கேட்டேன், பலகையைப் பார்த்து வந்தீர்களா என்று. "பலகையா? இல்லீங்க, நாங்க அடையாறு அர்ச்சனா மிஸ்ஸைத்தான் கேட்டோம். 'அந்தப் பக்கத்துல இருந்துக்கிட்டு இவ்ளோ தூரம் எதுக்கு வர்றீங்க, தி. நகர்ல என் ஃப்ரெண்ட் இருக்கா'ன்னு எங்க எல்லாரையும் அனுப்பினாங்க. 'அவ மாதிரி அரைமண்டி நாங்க படிச்ச கிளாஸ்லயே யாரும் உக்காந்ததில்ல, என்ன, வாயைத்தான் திறக்கமாட்டா, நீங்களே பேசிக்கங்க'ன்னும் சொன்னாங்க."

ஹால் தப்பியது, ஆனால் இனிமேல் அவள்மேல் பொறாமைப்படுவதென்றால்கூட, முதலில் போன் போட்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் படவேண்டியிருக்கிறது.