பொட்டு ஒட்டிய கார்டு

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே வானம் மூடிக்கொண்டிருந்தது. 2006, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. செங்கல்பட்டுக்கு ஆறு ரூபாய் டிக்கெட். தோள்பையில் ஒரு குடை, தண்ணீர் பாட்டில், கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறை ஒன்று. கல்பாக்கம், மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் சிற்பம் பார்க்கப் போவார்கள், மீன் சாப்பிடப் போவார்கள். நான் செத்துப்போன ஒரு வங்கி கார்டுக்காகப் போனேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சில வங்கிகள் சிப் வைத்த கார்டுகளைக் கொடுத்துப் பார்த்தன. முதலில் பணத்தைக் கட்டி அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு கேன்டீனிலோ கூட்டுறவுக் கடையிலோ ஒரு சின்ன மெஷினில் செருகினால், வாங்கியதற்கு உண்டானதை அது கழித்துக்கொள்ளும். கல்லூரி வளாகம், தொழிற்சாலை, ஊழியர் குடியிருப்பு என்று அங்கங்கே விட்டார்கள். ஜனங்களுக்குச் சில்லறையே சௌகரியமாக இருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதைச் சேர்க்கிற கிறுக்கு எனக்கு.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு வங்கி ஐந்து படங்களில் கார்டு போட்டிருந்தது. கொளவாய் ஏரி, கழுக்குன்றம் மலை, சதுரங்கப்பட்டினம் கோட்டை, கட்டுமரம் நான்கும் என்னிடம் இருந்தன. ஐந்தாவது, கடலைப் பின்னால் வைத்து எடுத்த மாமல்லபுரம் கலங்கரை விளக்கம். அதைக் கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் மட்டும் கொடுத்தார்கள். ஆல்பத்தில் அதற்கான உறை மூன்று வருஷமாகக் காலி. இருக்கிற நான்கைவிட அந்தக் காலி உறையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முன்பு நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் பொத்தேரி டீக்கடையில் கூடிக் கார்டுகளை மாற்றிக்கொள்வோம். ஒருவன் துபாய் போனான், ஒருவன் தபால்தலைக்குக் கட்சி மாறினான், ஒருவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் ஒரே ஒரு கிளாஸை எடுத்து அலம்புகிறார். எனக்கு நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. அந்த ஒரு கிளாஸ் ஒவ்வொரு ஞாயிறும் உறுத்தத்தான் செய்கிறது.

செங்கல்பட்டில் கல்பாக்கம் பஸ் நின்றுகொண்டிருந்தது. "சில்ற குட்து ஏறு சார், காலங்காத்தால நூறு ரூபா நீட்டாத" என்றார் கண்டக்டர். முப்பது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு ஓர் அம்மாள், திருக்கழுக்குன்றம் போகிறவர்.

"கல்பாக்கத்துல யாரு கீறாங்க?"

"யாரும் இல்லம்மா. ஒருத்தர்கிட்ட கார்டு வாங்கப் போறேன்."

"கல்யாண கார்டா? அத அவங்கல்ல கொண்டாந்து குடுக்கணும்? நீ இன்னாத்துக்குப் போற?"

சொல்லிப் புரியவைக்கக் கழுக்குன்றம்வரை பதினான்கு கிலோமீட்டர் போதவில்லை. இறங்கும்போது, "ஒண்ணுத்துக்கும் ஒதவாத கார்டு, அதானே?" என்று சரியாகவே சுருக்கிவிட்டுப் போனார்.

கார்டு வைத்திருந்தவர் பெயர் தாமோதரன். என் அலுவலகத்தில் ஒருவருக்குத் தூரத்து உறவு. டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தார். இரண்டு வாரம் முன்பு போனில் பேசியபோது என் நிபந்தனைகளை வழக்கம்போல் ஒப்பித்தேன்: கீறல் கூடாது, எழுத்து கூடாது, எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, சுத்தமாக இருக்க வேண்டும். "அவ்ளோதானே சார், சுத்தமா வச்சுடறேன்" என்றார். அந்த 'வச்சுடறேன்' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்துக்கே வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, புதிதாக மழித்த முகம். என் பையை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். "எந்த பஸ்ல வருவீங்கன்னு தெரில சார். அதான் மொதல் பஸ்லேந்து நின்னுகினு கீறேன்" என்றார். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

வீடு இரண்டு அறை. மனைவி புனேயில் மகன் வீட்டில் இருக்கிறார். பேரக்குழந்தை பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனவர். மருமகளும் வேலைக்குப் போகிறாள், இரண்டாவது குழந்தையும் வந்துவிட்டது. மூன்று வருஷம் ஆகிறது. "வரேன் வரேன்னு சொல்லிகினே கீது. வேணான்னு சொல்ல முடியுமா சார், புள்ளைங்கள யாரு பாக்கறது?" என்றார். தட்டில் பிஸ்கட்டைப் பரப்பி வைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் சொன்னார்.

பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிரித்து, கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

சிப் தங்கமாக மின்னியது. அதைச் சுற்றி வெறும் வெள்ளை பிளாஸ்டிக். கலங்கரை விளக்கமும் இல்லை, கடலும் இல்லை, வங்கியின் பெயரும் இல்லை. வலது மூலையில் மட்டும் பத்துக் காசு அளவில் ஒரு வட்டம், நல்ல நீலத்தில், அச்சடித்த அன்று இருந்தபடி.

"படம் கொஞ்சம் போச்சு சார்" என்றார். "சிப்பு பளபளன்னு கீது பாருங்க."

"என்ன பண்ணீங்க?"

"நீங்க எழுத்து கூடாதுன்னீங்க இல்ல? எம் பொஞ்சாதி வூட்டு நம்பர ஸ்கெட்ச் பேனால எழுதி வச்சிருந்துச்சு. மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சேன், போவல. அப்பறம் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார்ல..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மூன்று வருஷம் தேடிய கார்டைச் சோற்றுப் பானையைப்போல் விளக்கி வைத்திருக்கிறார் மனுஷர். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வரும் என்று பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அந்த வட்டம் என்ன என்று கேட்டேன்.

அது பொட்டு இருந்த இடம். குடியிருப்பில் எல்லாருடைய கார்டும் ஒரே மாதிரி. சனிக்கிழமை கூட்டுறவுக் கடையில் பெண்கள் கார்டைத் தட்டில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பார்கள். சாமான் கட்டி முடிந்ததும் ஆளுக்கு ஒன்றை எடுக்கும்போது மாறிப்போய்ச் சண்டை வரும். அதனால் ஆளாளுக்குத் தங்கள் நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றைக் கார்டில் ஒட்டிவிட்டார்கள். பொட்டைப் பார்த்தால் கார்டு யாருடையது என்று தெரிந்துவிடும். தாமோதரன் வீட்டுக் கார்டில் பெரிய மெரூன் பொட்டு.

"மத்ததெல்லாம் அப்பவே தேச்சுட்டேன். பொட்ட மட்டும் பிரிக்க மனசு வரல. நீங்க வர்றீங்கன்னு இன்னிக்குக் காலைலதான் பிரிச்சேன்."

"பொட்டு எங்கே?"

பீரோக் கண்ணாடியைக் காட்டினார். அதன் ஓரத்தில் அவர் மனைவி அவ்வப்போது எடுத்து ஒட்டிவைத்த பொட்டுகள் வரிசையாக இருந்தன. கீழே புதிதாக ஒன்று, பசை காய்ந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். விரலை எடுத்ததும் மறுபடி தூக்கிக்கொண்டது. என் கோபம் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. கேட்டவன் நான், கொடுத்தவர் அவர்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கார்டை நீட்டினேன்.

"சார், சரியில்லன்னா சொல்லுங்க, இன்னொருக்கா தேச்சுத் தரேன்" என்றார் பதறி. அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வது? அருமையான கார்டு என்றேன். அவர் முகம் தெளிந்தது. காலையிலேயே கரையில் வாங்கி வைத்த வஞ்சிரத்தை வறுத்துப் போட்டார். அளவுக்கு மேல் உப்பு. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்துக்கு மறுபடி கூடவே வந்து, மகன் வாங்கிக்கொடுத்த செல்போனைக் காட்டினார். "வூடு போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க சார். ரெண்டு ரிங் போதும்."

மாமல்லபுரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர், ஐந்து ரூபாய். இறங்கி நேரே கடற்கரைக்குப் போனேன். மழை தள்ளிப்போய்ச் மங்கிய வெயில் அடித்தது. எல்லாரும் குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கார்டை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தேன், பிறகு கடலுக்கு நேராக. மிஞ்சிய நீலம் எதனுடையது என்று பார்க்க ஆசை.

"இன்னா சார், கார்ட வச்சுக் கடல அளந்துகினு கீற?" பாசிமணி விற்கிற பெண், முப்பது வயதிருக்கும்.

"இந்த நீலம் கடலா வானமான்னு பாக்கறேன்."

வாங்கிப் பார்த்தாள். "கடலுதான். வானம் இம்மாம் அழுக்கா இருக்காது. ரெண்டு மாலை வாங்கிக்க சார், வூட்ல குடு."

"வீட்ல யாரும் இல்ல."

"அப்ப ஒண்ணு வாங்கிக்க" என்றாள். இருபது ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

செங்கல்பட்டு வந்து, ரயில் ஏறி, ஊரப்பாக்கத்தில் இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம். பூட்டைத் திறந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆல்பத்தை எடுத்து அந்த உறையில் கார்டைச் செருகினேன். ஐந்தும் சேர்ந்துவிட்டன. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷம் சேர்த்ததில் ஒன்றிலாவது ஒரு கிறுக்கல், ஒரு பெயர், ஒரு விரல் அழுக்கு இல்லை. எல்லாம் நான் கேட்டு வாங்கிய சுத்தம். என் வீட்டுக் கண்ணாடியும் அப்படித்தான், துடைத்துவைத்த மாதிரி. அந்தப் பாசிமணியை அதன் ஆணியில் மாட்டிப் பார்த்தேன். தாங்க முடியவில்லை, எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மிஸ்டு கால் ஞாபகம் வந்தது. எண்ணை அழுத்தினேன். இரண்டு மணி அடித்ததும் துண்டிக்கலாம் என்று கட்டைவிரலைத் தயாராக வைத்திருந்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"சேந்துட்டீங்களா சார்? மிஸ்டு கால்னு நான்தான் சொன்னேன், எடுத்துட்டேன். வச்சுடாதீங்க சார்."

"வைக்கல, சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.