அத்திம்பேர் விமானத்தின் காற்று வடிகட்டி

அக்காவின் கணவர், என் அத்திம்பேர், மார்கழியில் தூக்கத்திலேயே போனார். மாரடைப்பு. பங்குனி பிறந்ததும், அவருடைய பழைய இரண்டு இருக்கை விமானத்தை விற்றுவிடச் சொன்னாள் அக்கா. விமானக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதன் பராமரிப்பும் என் பொறுப்பில்தான் இருந்தது.

வாங்க வந்தவர் அசோக் நகரில் கார் பட்டறை வைத்திருப்பவர்; விமானம் ஓட்ட உரிமமும் உள்ளவர். ஊருக்கு வெளியே உள்ள ஓடுதளத்துக்கு அக்காவும் வந்திருந்தாள். பட்டறைக்காரர் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு இறங்கினார்.

"இன்னா சார், நான் நேராத்தான் போய்க்கினு இருக்கேன், உங்க மீட்டரு மட்டும் சரக்கு போட்டாப்ல சாயுது. தெச காட்றதும் தானா நவுந்துக்கினே கீது."

சாய்வைக் காட்டும் கருவி, திசையைக் காட்டும் கருவி இரண்டுக்குள்ளும் ஒரு சக்கரம் வேகமாகச் சுழலவேண்டும். என்ஜினோடு ஓடும் பம்ப் காற்றை உறிஞ்ச, அந்தக் காற்றோட்டம்தான் சக்கரங்களைச் சுழற்றும். ஒன்று மட்டும் தவறினால் அந்தக் கருவியைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒருசேரத் தளர்ந்தால் காற்றில்தான் குறை. பம்ப் நன்றாக இருந்தது. குழாய்களில் மடிப்போ கசிவோ இல்லை. மிஞ்சியது, விமானி உட்காரும் இடத்துக் காற்றை உள்ளே விடும் வடிகட்டி. அதை ஆவணியில் நானே புதிதாக மாட்டியிருந்தேன். ஒரு வருஷமாவது தாங்கவேண்டியது. அதனால் கடைசியாகத்தான் கழற்றினேன்.

வெள்ளை மடிப்புகள் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தன. சிகரெட் வாடை. புகையின் பிசின் அடைத்திருந்தது.

ஆவணியிலிருந்து மார்கழிவரை அதை ஓட்டியவர் அத்திம்பேர் ஒருவர்தான். ஆடியிலேயே, டாக்டர் எச்சரித்த அன்று, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்தவர். பறந்துவிட்டு அபிராமபுரம் வீட்டுக்கு வந்தால் நேரே குளிக்கப் போவார். வியர்வை என்பார்.

அக்கா எழுந்து வந்தாள். "என்னடா கோளாறு?"

"வடிகட்டி அடைச்சிண்டிருக்கு. தூசிதான்."

"நீதானே ஆவணியில புதுசு மாட்டினே?"

கையை நீட்டினாள். கொடுக்காமலிருக்க முடியவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள்.

"பறந்துட்டு வந்தா மொகம் எவ்வளவு தெளிவா இருக்கும் தெரியுமோ? சிகரெட்டை விட்ட கடுகடுப்பெல்லாம் மேல போனாத்தான் அடங்கறதுன்னு நெனச்சேன். அசதியாப் படுத்திண்டிருந்தாலும், போயிட்டு வாங்கோன்னு ஞாயித்துக்கிழமை தவறாம நான்தாண்டா அனுப்பினேன்."

பெட்டியிலிருந்து புது வடிகட்டி ஒன்றை எடுத்தேன்.

"இத மாத்திட்டா போதுமா சார்? அப்ப எடுத்துக்கறேன்," என்றார் பட்டறைக்காரர். போதும் என்றேன்.

புதியதை மாட்டி என்ஜினை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கருவிகளும் அசையாமல் நின்றன. பழையதைக் குப்பையில் போடலாமென்று அக்காவிடம் கேட்டேன். அவள் தரவில்லை.

"அவர் துணியெல்லாம் தோச்சு மடிச்சு வச்சுட்டேண்டா. ஒண்ணுலயும் அவர் வாசனை இல்லே," என்றாள், அதை மறுபடி முகர்ந்தபடி.