சிரிப்பு மட்டும் பாக்கி

இருநூறு தடவைக்கு மேல் செத்திருக்கிறார். குண்டடி பட்டு, விஷம் குடித்து, கடலில் மூழ்கி, பெரும்பாலும் கட்டிலில் கிடந்து. திரையில் சாவது யாரோ ஒரு நடிகர். மூச்சு மட்டும் இவருடையது. பின்னணிக் குரல் கொடுப்பவர், வயது ஐம்பத்தெட்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் பட்டப்பெயர் 'மரணம்'.

"மரணம் வந்தாச்சு, மைக்கை எறக்குங்கப்பா" என்பார் ஒலிப்பதிவாளர்.

"வராம எங்க போகும்?" என்றபடியே இவர் செருப்பைக் கழற்றுவார்.

கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாம் வெளியே மேசைமேல். மொடமொடப்பான சட்டை போடவே மாட்டார். மைக் அதையும் கேட்டுவிடும். கட்டில் சாவு என்றால் வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திக்கொள்வார். கடைசி மூச்சு விடும்போதும் கண்ணை மூடமாட்டார். "மூடிட்டா நடிகரோட வாய் எப்ப நிக்குதுன்னு யாரு பாக்கறது?"

இப்போது தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று மருத்துவர் சொல்லி மூன்று வாரமாகிறது. தள்ளிப்போட்டார், ஒரு படத்துக்காக. சாகப்போவது தெரிந்த பிறகு வாழத் தொடங்கும் ஒருவனின் கதை. அவனுக்கு இவர் குரல். "மத்த படத்துல எல்லாம் அஞ்சு நிமிஷத்துல போயிடுவேன். இவன் ஒருத்தன்தான் ரெண்டு மணி நேரம் இருக்கான்" என்கிறார், கிசுகிசுப்பாக.

மகளுக்கு இதில் உடன்பாடே இல்லை. வெந்நீர் பிளாஸ்க்குடன் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், ஒலிப்பதிவாளர் அருகே உட்கார்ந்திருக்கிறாள். "அவன் படத்துல சாவான். நீங்க நெஜமாவே போயிடுவீங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

இதற்கிடையே பழக்கதோஷம் ஒரு வேலை செய்துவிட்டது. இவர் வந்தாலே சாவுக் காட்சிதான் என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்ததால், நல்ல குரல் இருந்த முதல் வாரத்திலேயே மரணப் படுக்கையைப் பதிவு செய்துவிட்டார்கள். மிஞ்சியது படத்தின் தொடக்கம். நோய் இன்னும் தெரியாத அந்த மனிதன், தன் மகள் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறான்.

சனிக்கிழமை காலை முழுவதும் அந்த ஒரு சிரிப்புக்கே போனது. கரகரப்புதான் வந்தது.

"அண்ணே, இது சிரிப்பா, கதவு தெறக்கற சத்தமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

மகள் குனிந்து ஒலிப்பதிவாளர் முன்னாலிருந்த மைக்கில் சொன்னாள்: "கதவுன்னா எண்ணெய் விட்டா சரியாயிடும் அங்கிள். இது சொன்ன பேச்சு கேக்காத கதவு."

உள்ளே இவர் சிரித்துவிட்டார். அடிவயிற்றிலிருந்து, பழைய குரலில். பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. சுவரில் கை ஊன்றி நெடுநேரம் இருமினார்.

"முன்பாதி பிரமாதம்ணே. உதட்டுக்குப் பொருத்திக்கறேன், இருமலை வெட்டிடறேன்."

மகள் சட்டென்று ஒலிப்பதிவாளரின் கையைப் பிடித்தாள். "வெட்டறதுக்கு முன்னாடி எனக்கு முழுசா ஒண்ணு குடுங்க அங்கிள்" என்று தன் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை.