கதவு திறந்திருக்கு என்று அடித்தவள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுதினால் வாக்கியம் ஒரு பக்கமாகச் சாயும். இப்போது மறதி வேறு... நடுவில் எதையாவது விட்டுவிட்டுப் போய், அப்புறம் திரும்பி வந்து எடுப்பேன். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும். ஆனால் இந்த வாரம் சொல்லப்போவது எனக்கே பாதிதான் புரிந்தது. வம்பு எல்லாம் மீதிப் பாதியில்.

மருமகள் கல்பனா மாம்பழச்சாலைத் திருப்பத்தில் ஸ்கூட்டியோடு விழுந்துவிட்டாள். வலது கையில் மாவுக்கட்டு. மகன் மஸ்கட்டில். ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளுக்குத் தில்லை நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போனை எடுத்து, "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்கிற வேலை. அதை விட்டு அதே கம்பெனியில் வேறு பிரிவுக்குப் போகப் பார்க்கிறாள். அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"அடுத்தவங்க கம்ப்யூட்டருக்குள்ள நுழைய முடியுதான்னு பார்க்கணும் அத்தை."

"திருட்டா?"

"திருடன் வர்றதுக்கு முன்னாடி நாங்க போய்ப் பார்த்து, இந்த ஜன்னல் சரியில்ல, அந்தத் தாழ்ப்பாள் சரியில்லன்னு சொல்லணும். அவங்களே எழுத்துல சம்மதம் கொடுத்த பிறகுதான். சம்மதம் இல்லாம தொட்டா கேஸ்."

சம்மதம் வாங்கிக்கொண்டு திருடப் போவது... அதற்குச் சம்பளமும் உண்டு. என்னவோ.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. அதை வேண்டுமென்றே ஓட்டை உடைசலாக வைத்து, தன்னுடைய லேப்டாப்பிலிருந்து அதற்குள் போய்ப் போய்ப் பழகுவாள். படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எல்லாம் தட்டித்தான் சொல்ல வேண்டும். இடது கையால் தட்டித் தட்டி அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ சொல்லு, நான் தட்டுறேன்" என்றேன். மகனுக்கு வாட்ஸ்அப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து எனக்கு எழுத்துகள் பழக்கம்.

எல், எஸ் என்று அடித்தால் அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். சி, டி என்றால் உள்ளே போகலாம். பி, டபிள்யூ, டி என்று அடித்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேனே, அங்கே இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

பிங் என்றால் யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுவது. என்மேப் என்றால் வீட்டைச் சுற்றிவந்து எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்து லிஸ்ட் போடுவது. என், சி என்றால் அந்தக் கதவில் போய் நின்று பேசுவது. நிறுத்த வேண்டுமென்றால் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். எனக்கு அது மட்டும் வரவே இல்லை. ஒன்றை அழுத்தி எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை அழுத்த வருகிறது.

ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர். பழைய லேப்டாப்பின் நம்பர் ஆறில் முடியும். எனக்கு மனப்பாடம். எனக்குக்கூட ஒன்று மனப்பாடமாகிறதே என்று பெருமை.

அன்றைக்குப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட்டை எடுத்துவிட்டார்கள். மத்தியானம் வந்ததும் உட்கார்ந்தோம். நம்பரை அடித்தேன், லிஸ்ட் வந்தது. அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஆபீஸிலிருந்து போன். "திறந்திருக்கிற கதவு ஏதாவது ஒண்ணுல என் சி போட்டு, மனசுல தோணினதை அடிங்க அத்தை, பதில் வருதான்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனாள்.

லிஸ்ட்டில் கடைசிக் கதவை எடுத்துக்கொண்டேன். வணக்கம் என்று அடித்தேன். பதில் இல்லை. யாரும் இல்லையா என்று அடித்தேன். ஊஹூம். லிஸ்ட்டில் 'ஓபன்' என்று போட்டிருந்ததே... பார்த்துவிட்டுச் சொல்லாமல் வரலாமா? கதவு திறந்து இருக்கு என்றும் அடித்துவிட்டேன்.

கல்பனா திரும்பி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"அத்தை, இது நம்ம லேப்டாப் இல்ல. நிறுத்துங்க."

கன்ட்ரோலை அழுத்தினேன். எடுத்தேன். சி-யை அழுத்தினேன். பதற்றத்தில் என்டரையும். கடைசியில் அவள்தான் எட்டி நிறுத்தினாள்.

"நம்பர் அதேதானே?"

"நம்பர் அதேதான். உள்ள இருக்கறது வேற. கரண்ட் போய் வந்தா நம்பரெல்லாம் மாறும். வாடகை வீடு மாதிரி அத்தை, காலி பண்ணினா வேற ஆள் குடிவந்துடும். முதல்ல நான் செக் பண்ணியிருக்கணும்." லிஸ்ட்டை இன்னொருமுறை பார்த்தாள். "இது கீழ் வீட்டு பிரிண்டர்."

எங்களுக்கும் கீழே இருக்கிற வீட்டுக்காரருக்கும் ஒரே வைஃபை. அதைச் சொல்ல விட்டுவிட்டேன், பார்த்தீர்களா?

மாடிப்படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரர். கையில் ஒரு தாள். நான் வழக்கம்போல அடுக்களைக் கதவுக்குப் பின்னால். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசியது "மாமி இருக்காங்களா" மட்டும்தான்.

"கல்பனா, நீ கம்ப்யூட்டர் தெரிஞ்சவ. இதைப் பாரு. நான் ஒண்ணுமே பண்ணலை. பிரிண்டர் தானா கிர்ருன்னு கத்திண்டு இதைத் துப்பித்து."

வணக்கம். யாரும் இல்லையா. கதவு திறந்து இருக்கு. அதற்குக் கீழே தனியாக ஒரு சி.

"யாரோ நோட்டம் விடறான். நாளைக்கு நாங்க கிளம்பறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆத்தைப் பூட்டிண்டு எப்படிப் போறது? டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டுப் போலீசுக்குப் போகப்போறேன்."

கீழே படியடியில் மாமி நிற்பது தெரிந்தது. நவதிருப்பதி சேவிக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை. ஒருமுறை மழை, ஒருமுறை முட்டி ஆபரேஷன். இந்த முறை பை கட்டி வாசலில் வைத்தாயிற்று.

"அப்போ இந்தத் தடவையும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

கல்பனா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். ஆபீஸுக்குத் தெரிந்தால் அந்தப் பிரிவு கனவாகிவிடும். வீட்டு அக்ரிமென்ட்டும் முடிகிறது, யாத்திரை போய்விட்டு வந்து முடிவு சொல்கிறேன் என்றிருந்தார். பேசாமல் இருந்தால் போலீஸும் மிஷின் கோளாறு என்று விட்டுவிடும். ஆனால் மாமியின் பை?

வெளியே வந்தேன். "அது நான்தாங்க."

"எது?"

"வணக்கம் சொன்னது."

பிரிண்டரே பேசியதுபோல என்னைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு எனக்கு பிரிண்டர்ல வணக்கம் சொல்றேள்? படி இறங்கினா ஆத்துலதானே இருக்கேன்?"

"உங்களுக்குச் சொல்லலைங்க. பழைய லேப்டாப்புக்குச் சொன்னேன்."

"லேப்டாப்புக்கு எதுக்கு வணக்கம்?"

"போன இடத்துல எப்படிங்க சும்மா நிக்கறது."

"இந்த சி?"

"அது நிறுத்தப் பார்த்ததுங்க."

அதற்குள் கல்பனா முன்னால் வந்து நின்றாள். நம்பர் மாறியதைச் சொன்னாள். தப்பு அத்தையுடையது இல்லை, பார்க்காமல் விட்டது நான் என்றாள்.

"சம்மதம் இல்லாம எங்க ஆத்துக்குள்ள நுழைஞ்சிருக்கேள். அதானே?"

"ஆமா சார்."

அவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். கீழேயிருந்து மாமியின் குரல்.

"நன்னாயிருக்கு. திருடன் யாருன்னுதான் தெரிஞ்சுடுத்தே. நாளைக்குக் கிளம்பலாமோன்னோ?"

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை ஆட்டோ வந்து நின்றபோது திரும்ப மேலே வந்தார். என் கையில் வீட்டுச் சாவியை வைத்தார்.

"வாசக் கதவு திறந்திருந்தா சொல்லுங்கோ. போன்ல." கல்பனாவைப் பார்த்து, "பிரிண்டர் கதவை நான் வந்தப்புறம் என் எதிர்ல சாத்து" என்றார். அக்ரிமென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாவி கொடுத்தால் இருக்கச் சொல்கிறார் என்று அர்த்தமா? தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதி ஆபீஸுக்கு அனுப்பிவிட்டாள் கல்பனா. அதைப் படித்தால் அந்தப் பிரிவுக்கு எடுப்பார்களா, இருக்கிற வேலையும் போகுமா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. பி, டபிள்யூ, டி அடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

தினமும் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கையில் சாவி இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்றும் தெரியும். ஆனாலும் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் திறக்க வருகிறது.

என்மேப், என் சி எல்லாவற்றையும் நினைவிலிருந்துதான் எழுதியிருக்கிறேன். முன்பின்னாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதிப் போடுங்கள்... பிரிண்டர் வழியாக மட்டும் வேண்டாம்.